முறையிடாத பழுது

குடிபாலாவில் வாடகை கார் ஓட்டுபவருக்குத் திசைகள் இரண்டு. ஒன்று சித்தூர் வழியாகத் திருப்பதி. மற்றொன்று நரஹரிபேட்டையையும் கிறிஸ்டியான்பேட்டையையும் கடந்து வேலூர். முதல் திசையில் செல்பவர்கள் முடி இறக்கவும் வேண்டுதல் தீர்க்கவும் செல்கிறார்கள்; இரண்டாம் திசையில் செல்பவர்களில் பலர் மருத்துவமனைக்குச் செல்கிறார்கள். திருப்பதி வண்டியில் விடியற்காலையிலேயே பாட்டு ஒலிக்கத் தொடங்கும். வேலூர் வண்டியில் யாரும் கேட்காமலேயே ஓட்டுநர் ஒலியைக் குறைத்துவிடுவார். 1911இல் வடஆற்காட்டிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தார்கள், 1960இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தார்கள், எல்லைக்கோடு நகர்ந்தது. சாலையோரப் பணிமனைகளில் மட்டும் தமிழும் தெலுங்கும் இன்னும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வருகின்றன. 'எர்த்து', 'ஷார்ட்டு', 'லூசு' ஆகிய மூன்று சொற்கள் இரு மொழிக்கும் பொது.

அத்தகைய பணிமனை ஒன்றுக்கு வந்து நின்ற வாடகை காரைப் பற்றியது இது. அதன் டிக்கியில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் இருந்தன. பொருத்திக் கொடுத்த கடை வேறோர் ஊரில் இருந்தது. ஓட்டுநர் இளைஞர், வண்டிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன குறைகள் மூன்று. எஞ்சின் ஓடும்போது பாட்டுக்குப் பின்னால் ஒரு சீழ்க்கை கேட்கிறது; ஆக்சிலேட்டரை மிதித்தால் சீழ்க்கையின் சுருதி ஏறுகிறது. போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது தாளம் பலமாக விழுந்தால் ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிடுகிறது. மூன்றாவது குறைதான் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

"அண்ணா, வேலூருக்குப் போனாத்தான் இது படுத்துக்குது. வூட்டாண்ட ஒரு நாள்கூட மக்கர் பண்ணல."

மருத்துவமனையிலிருந்து வெளியேறிய ஒரு நோயாளியைப் பின்னிருக்கையில் அமர்த்திய பிறகு வண்டி கிளம்பவில்லை. தள்ளிவிட ஆள் தேடி அலைந்தார். இரண்டாம் முறையும் அப்படியே நடக்க, அந்தக் குடும்பம் வேறு வண்டி பிடித்துக்கொண்டது. அதற்குள் அவர் புதிய பேட்டரி வாங்கியிருந்தார். சீழ்க்கைக்காக 'நாய்ஸ் ஃபில்டர்' ஒன்றும், அணைந்துபோவதற்காக ஒரு ஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வாங்கியிருந்தார். மூன்றுக்கும் பணம் போனது. மூன்று குறைகளும் அப்படியே இருந்தன.

பேட்டரிமேல் முதலில் பழி விழுவது இந்த வட்டாரத்தில் இயல்பு. அமரான் பேட்டரிகள் உருவாகும் தொழிற்சாலைகள் திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர் மாவட்டத்திலும் உள்ளன. பேட்டரி இங்கே எல்லோருக்கும் கருத்துள்ள பொருள். பணிமனையின் எலக்ட்ரீஷியன் பேட்டரியைத் தொடவே இல்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்டார்.

"வேலூர்ல வண்டி எம்மா நேரம் நிக்குது தம்பி?"

"ஒரு நாள், ஒன்றரை நாள்கூட நிக்கும்ணா. டிஸ்சார்ஜ் ஆவுறவரைக்கும்."

புள்ளியியல் படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானதாக இருக்கும். ஓட்டுநர் கண்ட தொடர்பு உண்மையானது. வேலூரில்தான் வண்டி நின்றது. ஆனால் பழுதுக்கு வேலூர் காரணமாகாது. மற்ற நாட்களில் வண்டி தினமும் ஓடியது. பேட்டரி இழந்ததை ஆல்டர்னேட்டர் தினமும் நிரப்பிவிட்டது. வேலூரில் மட்டும்தான் அது முப்பது மணிநேரத்துக்கு மேல் அசையாமல் நின்றது. ஊரின் பெயருக்குப் பின்னால் கால அளவு ஒளிந்திருந்தது.

பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து ஆம்பியர் அளந்தார். சாவி கையில், கதவுகள் மூடியிருந்தன. உறங்கும் கார் எடுக்கும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கடிகாரத்துக்கும் கணினிப் பெட்டியின் நினைவுக்கும் அவ்வளவு போதும். மீட்டர் காட்டியது 1.2 ஆம்பியர். 34 மணிநேரத்துக்குக் கணக்கிட்டால் 40 ஆம்பியர்-மணிக்கும் மேல். அந்த வண்டியின் பேட்டரிக் கொள்ளளவே 35. (மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது வண்டியைக் கிளப்பக் கூடாது. கிளப்பினால் மீட்டரின் பியூஸ் போகும்; மலிவான மீட்டர் என்றால் மீட்டரே போகும்.)

ஆம்ப்ளிஃபயரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பகல் வெளிச்சத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குத் தடித்த நேர்மின் கம்பி ஒன்று, தடித்த எர்த் கம்பி ஒன்று ஆகியவற்றோடு மெல்லிய நீலக் கம்பி ஒன்றும் தேவை. 'விழித்துக்கொள்' என்று அதற்குச் சொல்வது அந்த நீலக் கம்பி. முன்பக்கத்து ஸ்டீரியோ இயங்கும்போது மட்டும் அதில் 12 வோல்ட் வர வேண்டும். காரோடு வந்த பழைய ஸ்டீரியோவில் அத்தகைய வெளியீடு இல்லை. பொருத்தியவர் நீலக் கம்பியை மஞ்சள் கம்பியோடு முறுக்கிவிட்டிருந்தார். மஞ்சள் எப்போதும் உயிருள்ள கம்பி. சாவியை எடுத்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். சாவிக்குக் கட்டுப்படும் சிவப்புக் கம்பிக்கு அதை மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. மீட்டர் 30 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது.

இத்துடன் மூன்றாம் குறை தீர்ந்தது. ஓட்டுநர் எழுந்துவிட்டார்; சீழ்க்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். எலக்ட்ரீஷியன் வண்டியை விடவில்லை. மஞ்சளோடு நீலத்தை முறுக்கிய கை மற்ற இணைப்புகளையும் அப்படித்தான் செய்திருக்கும் என்று கருதியிருக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்லவில்லை.

காரில் ஒலிக்கும் இந்தச் சீழ்க்கைக்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு வயது. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கிய காலத்திலேயே, எஞ்சினின் மின்பொறி இரைச்சலை அடக்குவதுதான் பொருத்துபவர்களின் பெரும் தலைவலி. இன்றைய கார்களில் இரைச்சலின் பிறப்பிடம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர். அது மூன்று கட்ட மாறுமின்னோட்டத்தை உண்டாக்கி டையோடுகளால் நேர்மின்னோட்டமாக்குகிறது. முழுக்கச் சமதளமாக ஆக்குவதில்லை, சிற்றலைகள் எஞ்சும். 12 துருவங்கள் கொண்ட ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளைத் தரும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றிலும், கப்பி விகிதத்தால் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்றிலும் சுழல்வதாகக் கொண்டால் நொடிக்கு 1,200 அலைகள். மிதித்து 3,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் 4,500. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அதுதான். சுருதி ஏறுவதன் காரணம் இவ்வளவே.

சிற்றலை எல்லாக் கார்களிலும் உண்டு. சீழ்க்கை எல்லாக் கார்களிலும் கேட்பதில்லை. அப்படியானால் இந்தக் காரில் அது பாட்டுக்குள் நுழைந்த வாசல் எது? எலக்ட்ரீஷியன் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கினார். சீழ்க்கை நின்றது. அதே துளைகளில் ஒரு சிறு கேபிள் வழியாகத் தம் கைபேசியை இணைத்துப் பாட்டை ஓடவிட்டார். பாட்டு வந்தது, சீழ்க்கை வரவில்லை. கைபேசிக்குக் காரின் மின்சுற்றோடு வேறெந்த உறவும் இல்லை. எனவே ஆம்ப்ளிஃபயர் நலமாக இருக்கிறது. மின்னூட்டக் கம்பி வழியாகவும் இரைச்சல் வரவில்லை. ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றோடொன்று பேசும்போது மட்டுமே அது பிறக்கிறது. இரண்டு அசைவுகளில் மூன்று சந்தேகங்களை நீக்கிவிட்ட இந்தச் சோதனை எந்த ஆய்வகத்துக்கும் பெருமை சேர்க்கும்.

இனி எர்த். பாடநூல்கள் இதைப் புவித்தொடுப்பு என்கின்றன. காரைப் பொறுத்தவரை அந்தச் சொல் வழிதவற வைக்கிறது. கார் நான்கு ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கிறது. அதன் மின்சாரத்துக்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. இங்கே எர்த் என்பது காரின் இரும்பு உடல். பேட்டரியின் எதிர்முனையை உடலோடு கட்டிவிட்டால், ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பிவரும் கம்பி தனியாக வேண்டியதில்லை. செம்பில் பாதி மிச்சம். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனைதான் உடலோடு கட்டப்பட்டிருந்தது, ஆகவே எர்த் எதிர்முனையாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது திரும்பும் வழி, அவ்வளவுதான். ஒரு சந்திப்புக்கு எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அவ்வளவும் அதைவிட்டு வெளியேற வேண்டும் என்ற விதியைக் கிர்க்காஃப் 1845இல் மாணவராக இருந்தபோது வகுத்தார். பொருத்துபவர்கள் பலர் செல்லும் வழிக்குத் தடித்த கம்பியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திரும்பும் வழிக்கு, கைக்கெட்டிய ஒரு திருகாணி போதும் என்று விடுகிறார்கள்.

இந்த வண்டியில் அதுவேதான். டிக்கியின் தரைத்தகட்டில், வண்ணப்பூச்சின்மேலேயே ஒரு தகட்டுத் திருகாணி. அதன் தலைக்கடியில் எர்த் கம்பியின் வளையம். வண்ணப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. திருகாணியின் மரைகள் தகட்டைக் கவ்வியிருந்த மெல்லிய விளிம்பு மட்டுமே பாதை; அதிலும் துரு ஏறியிருந்தது. எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையில் வைத்தார். மற்றொன்றை நீளமான கம்பி ஒன்றால் பேட்டரியின் எதிர்முனை வரை இழுத்தார். பாட்டு இல்லாதபோது மீட்டர் 0.05 வோல்ட் காட்டியது. பழுதே இல்லை என்று தோன்றும். பாட்டைப் பலமாக வைத்து, ஏறத்தாழ 20 ஆம்பியர் ஓடும்போது பார்த்தால் 0.9 வோல்ட். ஒழுங்கான எர்த்தில் இது 0.1ஐத் தாண்டக் கூடாது. ஓய்வில் அளந்த எண்ணை நம்பியிருந்தால் அந்தத் திருகாணி தப்பித்திருக்கும். ஓம்மீட்டரால் அளந்தாலும் இந்தச் சிறு மின்தடை தெரிந்திருக்காது. பளுவின்கீழ் அளந்தால்தான் அது வாய் திறக்கும்.

0.9 வோல்ட்டை 20 ஆம்பியரால் பெருக்கினால் 18 வாட். அந்தத் திருகாணியைத் தொட்ட ஓட்டுநர் கையை வெடுக்கென இழுத்துக்கொண்டார்.

முதல் இரண்டு குறைகளுக்கும் வேர் இதுதான். ஸ்டீரியோ முன்பக்கத்தில் நல்ல எர்த்தோடு இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோ கிட்டத்தட்ட ஒரு வோல்ட் உயரத்தில் மிதக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் வெளியுறை இன்னொரு பாலமாகிவிடுகிறது. திருகாணி வழியாகத் திரும்ப முடியாத மின்னோட்டத்தின் ஒரு பங்கு, ஆல்டர்னேட்டரின் சிற்றலையைச் சுமந்துகொண்டு, பாட்டு வரும் கேபிளின் வழியே திரும்புகிறது. ஆம்ப்ளிஃபயருக்கு எது பாட்டு, எது சிற்றலை என்று தெரியாது. வந்ததைப் பெருக்கித் தருகிறது. ஓட்டுநர் வாங்கிய ஃபில்டர் மின்னூட்டக் கம்பியில் காவல் நின்றது. திருடன் வந்தது வேறு வாசலில்.

அணைந்துபோவதும் இப்படித்தான். தாளம் பலமாக விழும் கணத்தில் 35 ஆம்பியர் வரை இழுக்கிறது. எர்த்தில் 1.6 வோல்ட், நேர்மின் கம்பியில் 0.9 வோல்ட் என இரண்டரை வோல்ட் வழியிலேயே கரைகிறது. நெரிசலில், எஞ்சின் மெல்ல ஓட, ஏசியும் விளக்கும் இயங்க, பேட்டரி முனையில் 12.3 வோல்ட் இருந்தால் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சேர்வது 9.8. பத்துக்குக் கீழே போனால் அது தற்காப்புக்காகத் தன்னை அணைத்துக்கொள்கிறது. மின்தேக்கியால் இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு ஃபாரட் மின்தேக்கி ஒரு வோல்ட் இறங்கும்போது தருவது ஒரு கூலும் மின்னூட்டம். 35 ஆம்பியருக்கு அது நொடியில் முப்பத்தைந்தில் ஒரு பங்குக்குத்தான் வரும். நீல விளக்கோடு அது அழகாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

திருகாணியைக் கழற்றி, அருகிலிருந்த கனமான தகட்டில் வண்ணத்தை வெள்ளி நிறம் தெரியும்வரை சுரண்டி, ஆணியும் நட்டும் பல்வளையமும் இட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். இருக்கைப் பட்டையின் ஆணி பக்கத்திலேயே இருந்தது, அதைப் பயன்படுத்தவில்லை. உயிர்காக்கும் ஆணியைக் கம்பிக்காகக் கழற்றக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. மீட்டர் 0.06 காட்டியது. எஞ்சின் ஓடியது, மிதித்தார், பாட்டு மட்டுமே கேட்டது.

மூன்று குறைகளும் தீர்ந்த பின் வேலை முடிந்ததாகத்தான் எவரும் நினைப்பார்கள். ஆனால் நேர்மின் கம்பியில் கரைந்த 0.9 வோல்ட்டுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஐந்து மீட்டர் நல்ல செம்புக் கம்பி அந்தத் தடிமனுக்கு அவ்வளவு இழக்காது. பாதிக்கும் குறைவாகவே இழக்கும். ஓட்டுநர் கேட்காத அந்தக் கேள்விக்காக எலக்ட்ரீஷியன் தரைவிரிப்பைத் தூக்கி, கம்பியை டிக்கியிலிருந்து முன்னோக்கி விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரத்தை நகத்தால் சுரண்டியதும் உள்ளே வெள்ளை நிறம் தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. செம்பின் கடத்துத்திறனில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. வெளியுறை மட்டும் மிகத் தடிமனாக இருந்தது, கடையில் கனமாகத் தோன்ற வேண்டுமல்லவா. ஆம்ப்ளிஃபயரின் மேல் '2000 வாட்' என்று எழுதியிருந்ததும் அந்த வகைதான். அதன் பியூஸ்கள் 20 ஆம்பியரில் இரண்டு. 40ஐ 14 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 560 வாட். உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே எப்படி வரும்? ஆம்ப்ளிஃபயரை வாங்குபவர்கள் எழுத்தை விட்டுவிட்டுப் பியூஸைப் படிக்கலாம்.

கம்பியைத் தொடர்ந்து சென்ற விரல் எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள இரும்புத் தகட்டில் நின்றது. கம்பி செல்லத் தகட்டில் துளையிட்டிருந்தார்கள். துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. வண்டியின் ஒவ்வொரு அதிர்விலும் அந்த விளிம்பு உறையை அறுத்துக்கொண்டிருந்தது. பாதிக்கும் மேல் அறுந்து, உள்ளிழை ஓரிடத்தில் மின்னியது. பேட்டரியிலிருந்து அந்த இடம்வரை கம்பியில் பியூஸ் எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபயரில் இருந்த இரண்டு பியூஸ்களும் ஐந்து மீட்டர் பின்னால் இருந்தன. வழியில் நேரும் ஷார்ட்டைப் பற்றி அவற்றுக்குச் செய்தியே வராது. பேட்டரி முனையிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் ஒரு பியூஸ் இருக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் விதி வைத்திருப்பது ஆம்ப்ளிஃபயரைக் காக்க அல்ல, கம்பியைக் காக்க. அந்த இழை தகட்டைத் தொட்டிருந்தால் பேட்டரி தன்னால் இயன்றதையெல்லாம் கொட்டியிருக்கும். சிறிய கார் பேட்டரியும் ஒரு கணத்தில் முந்நூறு ஆம்பியர் தரவல்லது. சில நொடிகளில் கம்பி பழுக்கும். தரைவிரிப்பும் இருக்கைப் பஞ்சும் அதன்மேலேயே கிடக்கின்றன. பின்னிருக்கையில் படுத்திருப்பவர் அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவராக இருந்தால், அவரை இறக்க எத்தனை நொடி ஆகும்?

இந்தப் பழுது ஒருமுறைகூட முறையிட்டதில்லை. சீழ்க்கை அடிக்கவில்லை, அணையவில்லை, காலையில் வண்டியை நிறுத்தவில்லை. நீலக் கம்பியை மாற்றியதும் ஓட்டுநர் கிளம்பியிருந்தால் இது அவரோடு வேலூருக்கும் திருப்பதிக்கும் போய்வந்துகொண்டே இருந்திருக்கும். மருத்துவத்திலும் பாலப் பொறியியலிலும் இதற்கு இணைகளைத் தேடுவது எளிது. அவற்றை அந்தந்தத் துறையினரே நன்கு அறிவார்கள். இங்கே குறிக்க வேண்டியது ஒன்று: எலக்ட்ரீஷியன் அந்த இடத்துக்கு எந்தக் குறையைத் தேடியும் போய்ச் சேரவில்லை. கணக்கில் இடித்த அரை வோல்ட்டைத் தொடர்ந்து போய்ச் சேர்ந்தார்.

கம்பியை முழுவதும் உருவி எடுத்துவிட்டு, முழுச் செம்புக் கம்பி இழுத்தார். துளையில் ரப்பர் வளையம், பேட்டரி அருகே 40 ஆம்பியர் பியூஸ். மாலையாகிவிட்டது.

கூலியைச் சொன்னபோது ஓட்டுநர் நீலக் கம்பிக்கும் எர்த்துக்கும் மறுபேச்சுப் பேசவில்லை. செம்புக் கம்பிக்கும் பியூஸுக்கும் மட்டும் தயங்கினார். மொத்தத்தில் பெரிய தொகை அதுதான்.

"அதுல எந்தப் பிராப்ளமும் இல்லியேண்ணா. நான் சொல்லவே இல்லியே."

எலக்ட்ரீஷியன் விளக்கம் எதுவும் சொல்லாமல், உருவிப்போட்ட கம்பியின் அறுந்த பகுதியை அரையடி நீளத்துக்கு வெட்டி அவர் கையில் கொடுத்தார். இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிப் பணத்தை அப்போதே கொடுத்தார். மீதியை அடுத்த வேலூர்ச் சவாரி முடிந்து திரும்பும்போது தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.